ஒரு டொலரும் ஒரு வீடும்

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஊரில் ஒரு நாற்சார் வீடு இடிக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வீட்டின் திண்ணையில் ஒரு சட்டம்பியார் தம் ஆயுட்காலம் முழுவதும் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். அவருடைய ஏடுகளும், மூக்குக் கண்ணாடியும், பிள்ளைகளின் பெயர் எழுதிய பழைய இடாப்புகளும் உள்ளறையில் ஒரு பெட்டகத்தில் இருந்தன. பார்க்க விரும்பி வருவோர்க்கு வீட்டுக்காரர் முகங் கோணாமல் திறந்து காட்டுவார். எங்கள் ஊருக்கு அதுவே நூதனசாலை.

வீட்டை விற்கப்போகிறார்கள் என்று கேள்வியுற்றதும் ஒரு கூட்டம் கூட்டினோம். நாற்பது பேர் வரை வந்தனர். பலர் மிக அழகாகப் பேசினர். இஃது அரசாங்கம் செய்யவேண்டிய வேலை என்றார் ஒருவர். வெளிநாட்டிலுள்ள நம்மவர் மனம் வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார் இன்னொருவர். மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவதெனத் தீர்மானித்து, தேநீர் அருந்திக் கலைந்தோம். வந்திருந்த நாற்பது பேரிடமும் ஒருவரேனும் ஒரு சதந்தானும் கேட்கவில்லை. அக்கூட்டத்துக்குத் தலைமை வகித்தவள் நான்.

நேயர்களே, அந்த வெட்கத்தோடு நான் ஊன்றிப் படித்த ஒரு வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகின்றேன். அது நம் நாட்டு வரலாறன்று. அமெரிக்காவின் முதற் சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் வாழ்ந்து மறைந்த மவுண்ட் வேர்ணன் என்னும் வீட்டைப் பற்றியது.

வேர்ஜீனியா மாநிலத்தில், பொற்றோமக் ஆற்றை நோக்கிய ஒரு மேட்டில் அவ்வீடு நிற்கின்றது. தொலைவிலிருந்து பார்ப்போர் அதனைக் கருங்கல் மாளிகை என்றே எண்ணுவர். உண்மையில் அது மரவீடு. பலகைகளைக் கல்லடுக்குப்போல் விளிம்பு சீவிப் பொருத்தி, வர்ணம் பூசி, அதன்மேல் மணலைத் தூவிக் கல்லென்று தோன்றும்படி செய்திருக்கின்றனர். பெரிய மனிதர் வீடுகளிலும் இத்தகைய சிறு தந்திரங்கள் உண்டென்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆற்றுப் பக்கமாக, இரண்டு மாடி உயரத்துக்கு எட்டுச் சதுரத் தூண்கள் தாங்கும் ஒரு நெடிய முகப்பு உண்டு. மாலை வேளைகளில் வாஷிங்டன் விருந்தினரோடு அமர்ந்திருந்தது அங்கேதான்.

வாஷிங்டன் 1799ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 14ஆந் திகதி அவ்வீட்டிலே காலமானார். அவருக்கு மக்கட்பேறு இல்லை. மனைவியாரும் 1802இல் மறைய, வீடு மருமக்கள் வழியில் கைமாறி, ஈற்றில் ஜோன் ஒகஸ்டீன் வாஷிங்டன் என்பவரிடம் வந்து சேர்ந்தது. பெயர் பெரிது, நிலமோ விளைந்து விளைந்து சாரமற்றுப் போயிருந்தது. தேசபிதாவின் கல்லறையைக் காண ஆயிரக்கணக்கானோர் வந்தவண்ணமிருந்தனர். வந்தவர்கள் நினைவுப் பொருளென்று எதையாவது ஒடித்துக்கொண்டு போயினர். முகப்புத் தூண்கள் உக்கிப்போனமையால், கூரை விழாதிருக்கக் கப்பற் பாய்மரங்களை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தனராம். உரிமையாளர் வீட்டை மத்திய அரசாங்கத்துக்கு விற்க முன்வந்தார். வேர்ஜீனியா மாநிலத்துக்கும் விற்க முன்வந்தார். இரண்டும் வாங்கவில்லை. விடுதி கட்ட விரும்பும் வணிகர் கைக்கு அது போய்விடக்கூடும் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. எல்லாரும் வருந்தினர். வருந்துவதற்குச் செலவில்லை அல்லவா?

1853ஆம் ஆண்டு, தென் கரோலினாவைச் சேர்ந்த ஒரு மூதாட்டி பொற்றோமக் ஆற்று வழியே இரவில் நீராவிக் கப்பலிற் பயணஞ் செய்தார். மவுண்ட் வேர்ணனைக் கடக்கும்போது கப்பல்கள் மணியொலித்து மரியாதை செய்வது வழக்கம். மணியொலி கேட்டுத் தளத்துக்கு வந்த அவ்வம்மையார் நிலவொளியில் அவ்வீட்டின் சீர்கேட்டைக் கண்டு மனம் நொந்தார். அவர் தம் மகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்நாட்டு ஆடவரால் இவ்வீட்டைக் காக்க முடியாவிட்டால் பெண்கள் ஏன் காக்கக்கூடாது என்பது அக்கடிதத்தின் சாரம்.

மகளின் பெயர் ஆன் பமீலா கணிங்ஹாம். அப்போது வயது முப்பத்தேழு. பதினேழாம் வயதிற் குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பில் ஊறுபட்டவர். அன்று தொட்டு நோயாளியாகவே வாழ்ந்தவர். திருமணம் ஆகவில்லை. அக்கால அமெரிக்காவிற் பெண்ணுக்கு வாக்குரிமை இல்லை. குலப்பெண்ணின் பெயர் பத்திரிகையில் வருவதே அடக்கமின்மை எனக் கருதப்பட்டது. ஆகவே 1853 டிசெம்பர் 2ஆந் திகதி ‘சாள்ஸ்டன் மேர்க்குரி’ பத்திரிகையில் தென்னாட்டுப் பெண்களுக்கு அவர் விடுத்த வேண்டுகோளின் கீழ்த் தம் பெயரை இடாமல், ‘தென்னாட்டுக் குடும்பத் தலைவி ஒருத்தி’ என்று மட்டும் ஒப்பமிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவ்வேண்டுகோள் முதலிலே தென் மாநிலப் பெண்களுக்கு மாத்திரமே விடுக்கப்பட்டது. வடக்கும் தெற்கும் அடிமை முறை குறித்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆயினும் வடக்கிலுள்ள பெண்களும் உதவ விரும்பியபோது கணிங்ஹாம் தம் முதல் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். வாஷிங்டன் எல்லார்க்கும் உரியவர். வீடும் எல்லார்க்கும் உரியதாக வேண்டும் என்று கண்டார். தொடங்கிய இடத்திலேயே பிடிவாதமாக நில்லாமல் வாசலைப் பெரிதாக்கத் தெரிந்தமையே, என் கருத்தில், அவர் செய்த காரியங்களுள் மிகக் கடினமானது. தென்னாட்டார் சிலர்க்கு அது பிடிக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இனி, பணம் சேர்த்த முறையைப் பார்ப்போம். சங்கத்துக்குத் தலைவி கணிங்ஹாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் உபதலைவி. அவர் கீழே நகரங்களிலும் கிராமங்களிலும் பொறுப்பேற்ற பெண்கள். யாரிடம் எவர் போய்க் கேட்பது என்பதிற் குழப்பம் இல்லை. நியூயோர்க்கில் உபதலைவியாயிருந்தவர், வாஷிங்டனின் அமைச்சர் அலெக்சாந்தர் ஹமில்ற்றனின் பேர்த்தி. வேர்ஜீனியாவில் உழைத்தவர்களுள் ஒருவர், நாடக மேடையிற் புகழ்பெற்ற ஆனா கோரா றிச்சி என்னும் நடிகை. நடிகையும் நீதிபதியின் மனைவியும் ஒரே பட்டியலில் நின்று பணம் கேட்டனர். கேட்ட தொகை ஒரு டொலர். ஒரு டொலர் கொடுத்தவரும் சங்கத்தின் அங்கத்தவரே. 1858இல் ‘மவுண்ட் வேர்ணன் றெக்கோட்’ என்று ஒரு மாத இதழும் தொடங்கினர். கொடுத்தவர்களின் பெயர்கள் அதில் அச்சாயின. தம் பெயரைத் தேடிப் பார்த்து, அண்டை வீட்டார்க்கும் காட்டி மகிழ்ந்தவர் எத்தனை பேரோ! புகழாசை என்று இதனை இகழ்வாரும் உளர். நான் இகழமாட்டேன். எங்கள் பாடசாலைக் கட்டட நிதிக்குப் பணம் கொடுத்த ஒரு மீன் வியாபாரி, சுவரில் எழுதிய தம் பெயரைப் பேரப்பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியதை நான் நேரிற் கண்டிருக்கிறேன்.

இம்முயற்சியில் ஓர் ஆடவருக்கும் பெரும் பங்குண்டு. எட்வேட் எவரெற் என்பவர் வட மாநிலமாகிய மசசூசெற்சைச் சேர்ந்தவர். செனற்றராகவும் வெளிநாட்டு அமைச்சராகவும் ஹார்வேட் பல்கலைக்கழகத் தலைவராகவும் இருந்தவர். சொல்வன்மைக்குப் பேர் போனவர். 1863இற் கெற்றிஸ்பேர்க்கில் லிங்கன் சில நிமிடங்கள் பேசி அழியாப் புகழ் பெற்ற அதே நாளில், அவருக்கு முன் இரண்டு மணித்தியாலம் பேசியவர் இவரே. வாஷிங்டனின் பண்புநலன் என்ற ஒரே சொற்பொழிவை ஊர் ஊராகச் சென்று நூற்றுக்கு மேற்பட்ட தடவை நிகழ்த்தினார். பயணச் செலவு அவருடையது. வாயிலில் வசூலான பணம் சங்கத்தினுடையது. நியூயோர்க்கிலிருந்து வெளிவந்த ஒரு வார இதழுக்கு ஓராண்டு கட்டுரை எழுதுவதற்கென அதன் உரிமையாளர் கொடுத்த 10,000 டொலரையும் அப்படியே சங்கத்துக்குக் கொடுத்தார். மொத்தம் ஏறத்தாழ 69,000 டொலர். வீட்டின் விலையோ 200,000 டொலர். நாட்டிலேயே தலைசிறந்த பேச்சாளர் தொண்டை வரளப் பேசிச் சேர்த்தது ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. எஞ்சிய பெருந்தொகைக்கு அப்பெண்களே மாநிலம் மாநிலமாகக் கையேந்தினர்.

பணம் சேர்ந்தால் மட்டும் போதுமா? விற்பவர் இசையவேண்டுமே! உரிமையாளர் முதலில் இசையவில்லை. மாநில அரசே வாங்கவேண்டும் என்பது அவர் எண்ணம். பெண்கள் சங்கம் ஒன்றுக்குத் தம் முன்னோர் வீட்டை விற்பது அவருக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றியது. 1856இற் கணிங்ஹாம் தாமே அவரைக் காணச் சென்றார். நடக்கவும் இயலாத நிலையில் ஆட்கள் உதவியோடு சென்றவர், அன்று வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தது. திரும்பும் வழியிற் கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. வேறு வழியின்றி அன்றிரவு அவ்வீட்டிலேயே தங்கினார். மறுநாட் காலைக்குள் உரிமையாளரின் மனம் இளகியிருந்தது என்பது கணிங்ஹாம் வழிவந்த கதை. மனம் இளகினாலும் பத்திரம் உடனே எழுதப்படவில்லை. வேர்ஜீனியாச் சட்டசபை வீட்டை வாங்குவதற்கான பிரேரணையை நிராகரித்த பின்னரே, 1858 ஏப்பிரல் 6ஆந் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. கையில் 18,000 டொலர். எஞ்சியது தவணை முறையில். வீடும் கல்லறையும் அவற்றைச் சூழ்ந்த 200 ஏக்கர் நிலமும் சங்கத்துக்கு. 1860 பெப்ருவரி 22ஆந் திகதி, வாஷிங்டனின் பிறந்த நாளன்று, சங்கம் அவ்வீட்டைப் பொறுப்பேற்றது.

உள்ளே சென்று பார்த்தபோது அறைகள் ஏறத்தாழ வெறுமையாய்க் கிடந்தன. வாஷிங்டன் காலத்துப் பொருள்களில் விட்டுவைக்கப்பட்டிருந்தவை சிலவே: ஊடோன் என்னும் பிரெஞ்சுச் சிற்பி சுடுமண்ணிற் செய்த வாஷிங்டனின் மார்பளவுச் சிலை, ஒரு பூகோள உருண்டை, பரிசு நகரத்துப் பஸ்தீல் சிறையின் திறப்பு. அத்திறப்பு, சிறை வீழ்ந்த பின் லபாயெற் பிரபு தம் பழைய தளபதிக்கு அன்பளிப்பாக அனுப்பியது. மற்றவையெல்லாம் உறவினர் பலரிடம் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் கொண்டுவருவது பல தலைமுறை வேலையாயிற்று. வீட்டை வாங்கியவுடன் திறப்பு விழாவும் நன்றியுரையுமாக வேலை முடிந்துவிடும் என்று எண்ணுவோர்க்கு இதனைச் சொல்கிறேன். முகப்பைச் செப்பனிடத் தொடங்கிய மறு ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது.

போர்க்காலத்தில் வடக்கும் தெற்கும் எதிரெதிரே நிற்க, மவுண்ட் வேர்ணன் இரண்டு சேனைகளுக்கும் நடுவே அகப்பட்டது. கணிங்ஹாம் தென் கரோலினாவில் இருந்து வர முடியவில்லை. வீட்டை வைத்துக் காத்தவர்கள் இருவர்: சேரா றேசி என்னும் நியூயோர்க் மாநிலப் பெண்மணி, சங்கத்தின் செயலாளர், அப்றன் ஹேபேட் என்னும் வேர்ஜீனியாக்காரர், மேற்பார்வையாளர். ஒருவர் வடக்கு, ஒருவர் தெற்கு. படைவீரர் எப்பக்கத்தவராயினும் வரலாம், ஆனால் ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டு வரவேண்டும் என்று விதித்தனர். படைவீரரும் அதற்கு அடங்கினர். பார்வையாளர் கப்பல் நின்றபோது வருமானமும் நின்றது. போக்குவரத்துக்கு அனுமதி வேண்டிச் சேரா றேசி தளபதிகளையும் லிங்கனையுமே நேரிற் காணவேண்டியதாயிற்று. வீட்டை விற்ற ஜோன் ஒகஸ்டீன் வாஷிங்டன் தென்னாட்டுப் படையிற் சேர்ந்து 1861 செப்ரெம்பரிற் கொல்லப்பட்டார். வீட்டில் ஒரு குண்டும் படவில்லை.

இதுவரை சொன்னவற்றோடு நிறுத்தினால் இஃது இனிய கதையாக முடியும். ஆனால் ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. வாஷிங்டன் மறைந்த 1799ஆம் ஆண்டில் மவுண்ட் வேர்ணனில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுள் 123 பேர் அவருக்கே உரியவர்கள். அவர்களை விடுதலை செய்யுமாறு மரணசாதனத்தில் எழுதிவைத்தார். மனைவியாரின் முதற் கணவர் குடும்பச் சொத்தாகிய 153 பேரை விடுவிக்க அவருக்குச் சட்டப்படி உரிமை இருக்கவில்லை. அவ்வீட்டுப் பலகையை அறுத்ததும், அடுப்பு மூட்டியதும், வயலை உழுததும் இம்மக்களின் கைகளே. கணிங்ஹாம் பிறந்த குடும்பமும் அடிமைகளை வைத்திருந்த பருத்தித்தோட்டக் குடும்பந்தான். எல்லார்க்கும் உரிய வீடு என்று அவர் அழைத்தபோது, அந்த ‘எல்லார்’ என்ற சொல்லுக்குள் இவர்கள் வரவில்லை.

கல்லறைக்கு அண்மையில், ஒரு மரச்சோலைக்குள் அடிமைகளின் இடுகாடு இருக்கின்றது. பெயர் பொறித்த கற்கள் அங்கு இல்லை. சங்கம் 1929இல் அவ்விடத்தில் ஓர் அடையாளக் கல்லை நாட்டியது. பிறகு, ஹோவேட் பல்கலைக்கழக மாணவர் வரைந்த அமைப்பின்படி 1983இல் ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது. மிகவும் பிந்திய காரியம். ஆனால் ஒன்று சொல்லலாம்: வீடு நின்றபடியாலேதான் அவ்விடுகாடும் நின்றது. விடுதி எழுந்திருந்தால் அச்சோலையும் போயிருக்கும். அங்கே யார் உறங்குகிறார் என்று கேட்க இடமே இருந்திராது. பழைய வீட்டைக் காப்பது அதில் வாழ்ந்த பெரியவரைப் புகழ்வதற்கு மட்டுமென்று நான் முன்னர் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறென்று இப்போது உணர்கிறேன். எங்கள் சட்டம்பியாரின் இடாப்பிலும் எந்தப் பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன, எந்தப் பிள்ளைகளின் பெயர்கள் இல்லை, திண்ணையில் யார் இருந்தார்கள், முற்றத்தில் யார் நின்றார்கள் என்று இன்று பார்க்க முடிந்திருந்தால், எங்கள் ஊரைப் பற்றி நாங்கள் அறியவேண்டிய சிலவற்றை அறிந்திருப்போம்.

கணிங்ஹாம் 1874இற் பதவி துறந்து, அடுத்த ஆண்டு காலமானார். விடைபெறும்போது தம் சங்கத்தார்க்கு அவர் விட்டுச் சென்ற வேண்டுகோள், நாகரிகம் என்ற பெயரால் அவ்வீட்டை மாற்றிவிடாதீர்கள் என்பதே. அந்தச் சங்கம் இன்றும் இருக்கின்றது. வீடு இன்றும் அதனுடையதே. 1950களில் எதிர்க்கரையில் எண்ணெய்த் தாங்கிகள் எழப்போகின்றன என்று கேட்டபோது, ஒகாயோ மாநில உபதலைவியும் காங்கிரஸ் உறுப்பினருமாகிய பிரான்செஸ் போல்ற்றன் அம்மையார் அக்கரை நிலத்தைத் தாமே விலைகொடுத்து வாங்கினார். முகப்பிலிருந்து வாஷிங்டன் பார்த்த காட்சி கெடக்கூடாதாம்! பின்னர் 1961இல் அக்கரை பூங்காவாகச் சட்டப் பாதுகாப்புப் பெறத் தொடங்கியது. வீட்டுக்கென்று தொடங்கிய கவலை ஆறு கடந்து போய்விட்டது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். அந்த நாற்சார் வீடு போயிற்று. ஏடுகளும் இடாப்புகளும் எங்கே போயின என்று தெரியவில்லை. பெட்டகம் மட்டும் வெறுமையாக எங்கள் பாடசாலை நூலகத்தில் இருக்கின்றது. ஆனால் அதே தெருவில், பழைய அச்சகம் ஒன்று நடந்த வீடு இன்னும் நிற்கின்றது. கூரை ஒழுகுகிறது, அச்சுப் பொறியும் எழுத்துப் பெட்டிகளும் துருவேறினாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. உரிமையாளர் ஓராண்டு தவணை தந்திருக்கிறார். இம்முறை நாங்கள் விண்ணப்பம் எழுதுமுன் பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சிட்டோம். ஆளுக்கு நூறு ரூபா. அதற்குமேற் கொடுப்பவர் கொடுக்கலாம், ஆனால் எவரிடமும் கேட்பது நூறு ரூபாதான். என் மாணவியரின் தாய்மார் தெருவுக்கு ஒருவராகப் பொறுப்பேற்றிருக்கின்றனர். கொடுத்தவர் பெயர்கள் மாதந்தோறும் பாடசாலை வாயிலில் ஒட்டப்படுகின்றன. கூரைக்கு வேண்டிய பணத்தில் இதுவரை பாதிதானும் சேரவில்லை. சென்ற வாரம் ஒருவர் என்னிடம், இஃது அரசாங்கத்தின் வேலை அல்லவா என்று கேட்டார். ஆம், அரசாங்கத்தின் வேலையுந்தான் என்று சொல்லி, அவருக்குப் பற்றுச்சீட்டு எழுதினேன். கொடுத்தார்.

பதினொரு தெருக்களுக்கு ஆள் கிடைத்திருக்கிறது. கடற்கரைத் தெருவுக்கு இன்னும் ஒருவரும் முன்வரவில்லை. அதனை நானே எடுத்துக்கொள்வதென இருக்கின்றேன்.